முதுகுப் பள்ளம் தெரிந்தது: கச்சு அம்மோனைட்டில் நான்கு மாத வேலை

நான்கு மாதங்களாக என்னைப் படாதபாடு படுத்திய குஜராத்தின் கச்சு அம்மோனைட் (சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடல் உயிரின் புதைபடிவம்), சென்ற ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் முதுகை, அதாவது சுருளின் வெளி விளிம்பை, காட்டிவிட்டது. கச்சின் பூஜ் நகரில் பணியாற்றும் என் மைத்துனர், ஊருக்கு வெளியே கிணறு வெட்டிக் கொட்டிய குவியலில் எடுத்து அனுப்பிய கல் அது. தொப்புள் பகுதி, அதாவது சுருளின் நடுக்குழி, மூடிக் கிடந்ததால், பக்கவாட்டு விலாக்களை (ஓட்டின் மேல் புடைத்து ஓடும் வரிகளை) மட்டும் நம்பி மேக்ரோசெஃபலைட்டிஸ் என்ற அம்மோனைட் இனம் என்று சீட்டு ஒட்டியிருந்தேன், அது தவறு; இது ரெய்னெக்கியா என்ற வேறோர் இனம்.

மேக்ரோசெஃபலைட்டிஸின் விலாக்கள் முதுகைத் தடையின்றிக் கடந்து செல்லும். ரெய்னெக்கியாவின் விலாக்களோ இரு பக்கமும் நின்றுவிட, நடுவே வழவழப்பான பள்ளம் ஓடும். முன்னது என்றால் ஜுராசிக் காலத்தின் ஒரு பிரிவான கலோவியன் காலத்தின் கீழ்ப்பகுதி, பின்னது என்றால் நடுப்பகுதி. அந்தக் காலம் முழுவதுமே ஏறத்தாழ 16.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி ஏறத்தாழ 38 லட்சம் ஆண்டுகளே நீடித்தது என்பதால், ஒரு விரல் அகலப் பள்ளத்தைத் தேடி இத்தனை நாள் உட்கார்ந்ததில் எனக்கு வருத்தமே இல்லை.

வினிகர் ஊற்றினால் மூடியிருக்கும் கல்லோடு அம்மோனைட்டின் ஓடும் கரைந்துவிடும் என்பதால், ஊசியால் சுரண்டுவது ஒன்றே வழி. முதல் மாதமே அது சறுக்கி, முதுகின் நடுவே நீளமாகக் கீறிவிட்டது. பிறகு தெரிந்த பள்ளம் விலங்கினுடையதா, என் ஊசியுடையதா என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆகவே அந்த இடத்தை விட்டுவிட்டு, தொடாத மறுமுனையில் அரை சென்டிமீட்டர் அரை சென்டிமீட்டராகத் திறந்து, விரிசல் கண்ட இடங்களில் பாராலாய்டு பி-72 என்ற பிசினை ஊற்றி ஆறவிட்டு, மீண்டும் திறந்தேன். காலை ஏழு மணிக்கு வளவில் சாய்ந்து விழும் வெயிலில் கல்லைக் குறுக்காகப் பிடித்தபோது, விலாக்களின் முனைகள் பருத்து உருண்டு நிற்பது தெளிவாகத் தெரிந்தது. ஊசி கீறிய இடத்திலோ முனைகள் வெள்ளையாக, நறுக்கியதுபோல் இருக்கின்றன. ஆகவே மறுமுனையில் தெரியும் பள்ளம் விலங்கினுடையதுதான்.

எஃகு ஊசி அரை மணி நேரத்தில் மழுங்கிவிடுகிறது. காரைக்குடி நகைப்பட்டறை ஆசாரி ஒருவர் கார்பைடு முனை வைத்துச் செய்துகொடுத்த ஊசிதான் கடைசிவரை நின்றது. இன்னும் இரண்டு கேட்டிருக்கிறேன்.

குவியலில் கிடைத்த கல் என்பதால், எந்த அடுக்கிலிருந்து வந்தது என்பது தெரியாது. இது தன் வயதைச் சொல்லுமே தவிர, கிணற்றின் அடுக்கு வரிசையைச் சொல்லாது. கிணற்றுச் சுவரில் ஆழத்தை அளந்து, அடுக்கோடு படம் எடுத்து அனுப்புமாறு மைத்துனரிடம் சொல்லியிருக்கிறேன். தை பிறந்ததும் அரியலூர் போகும் எண்ணமும் உண்டு. அங்குள்ளவை ஜுராசிக்குக்குப் பிந்தைய கிரெட்டேசியஸ் காலத்து அம்மோனைட்டுகள் என்பதால் அவற்றுக்குத் தனிப் பெட்டி.

தொப்புள் இன்னும் பாதி மூடியே இருக்கிறது. விலா பிரியும் இடத்தில் இருக்க வேண்டிய முண்டுகளில் இரண்டு மட்டும் வெளியே வந்துள்ளன.