வீட்டு சர்வரில் எஸ்எஃப்டிபி அமைத்த அனுபவம்

பழைய மேசைக் கணினி ஒன்றில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி, குடும்பப் புகைப்படங்களையும் ஸ்கேன் செய்த வீட்டுப் பத்திரங்களையும் அதில் சேமித்து வருகிறேன். வெளியூரில் வசிக்கும் அண்ணனும் தம் கோப்புகளை அதில் ஏற்ற விரும்பியதால், பாதுகாப்பான பரிமாற்ற வழி ஒன்றை அமைக்க வேண்டியிருந்தது. பழைய கோப்புப் பரிமாற்ற நெறிமுறையான எஃப்டிபியை நான் பரிசீலிக்கவே இல்லை; அதில் கடவுச்சொல்லே மறையாக்கம் இன்றிச் செல்கிறது. 1995ஆம் ஆண்டில் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்ட பிறகுதான் டாட்டு யுலோனென் வேறொரு கணினிக்குள் மறையாக்கத்துடன் நுழைய உதவும் எஸ்எஸ்எச் நெறிமுறையையே உருவாக்கினார். அதன் மேல் இயங்கும் கோப்புப் பரிமாற்ற முறையான எஸ்எஃப்டிபி, எஸ்எஸ்எச்சைச் செயல்படுத்தும் திறமூல மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எச் சர்வரோடு சேர்ந்தே வருவதால் தனி மென்பொருள் எதுவும் தேவைப்படவில்லை.

அண்ணன் கோப்புகளை ஏற்றவும் இறக்கவும் முடிய வேண்டும். கட்டளைகளை இயக்கும் ஷெல் அணுகல் தேவையில்லை. ஆகவே தனிக் குழு ஒன்றை உருவாக்கி, சர்வரின் அமைப்புக் கோப்பில் ‘மேட்ச் குரூப்’ பகுதியை எழுதி, அக்குழுவினருக்கு சர்வருக்குள்ளேயே அமைந்த ‘இன்டர்னல் எஸ்எஃப்டிபி’ மட்டுமே இயங்கும்படி செய்தேன். இப்பகுதியைக் கோப்பின் இறுதியில் எழுதுவது நல்லது. அதற்குக் கீழுள்ள வரிகள், அடுத்த மேட்ச் வரும் வரை, அக்குழுவுக்கு மட்டுமே பொருந்தும்.

பயனரை ஒரே கோப்புறைக்குள் கட்டுப்படுத்தும் சிஹெச்ரூட் ஏற்பாடுதான் மிகுந்த கவனத்தைக் கோரியது. அந்தக் கோப்புறையும் அதற்கு மேலுள்ள ஒவ்வொரு கோப்புறையும் முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனருக்கே உரியவையாக இருக்க வேண்டும். வேறு எவருக்கும் அவற்றில் எழுதும் உரிமை இருக்கக் கூடாது. இல்லையேல் கடவுச்சொல்லுக்குப் பதிலாக நுழைய உதவும் சரியான மறையாக்கச் சாவி இருந்தாலும் இணைப்பு உடனே துண்டிக்கப்படும். காரணத்தை சர்வரின் நிகழ்வுப் பதிவான லாகில்தான் பார்க்க முடியும். இந்தக் கண்டிப்பை நான் முழுமையாக ஏற்கிறேன். அடைக்கப்பட்டவர் அந்தக் கோப்புறையின் மேல்தளத்திலேயே எழுத முடிந்தால், போலியான அமைப்புக் கோப்புகளை அங்கே வைத்து, உயர் உரிமையுடன் இயங்கும் நிரல்களை ஏமாற்ற வழி பிறந்துவிடும். எனவே மேல் கோப்புறையை, உரிமையாளர் மட்டுமே எழுதக்கூடிய 755 உரிமையுடன் ரூட்டிடமே விட்டு, உள்ளே ஒரு துணைக் கோப்புறையை மட்டும் அண்ணனுக்கு உரியதாக்கினேன்.

எட்25519 வகைச் சாவி இணையை அண்ணன் தம் கணினியிலேயே உருவாக்கி, சர்வரில் வைக்க வேண்டிய பொதுச் சாவியை மட்டும் அனுப்பினார். கடவுச்சொல் வழி நுழைவை நிறுத்துவதற்கு முன், அமைப்புக் கோப்பில் பிழை இல்லை என்பதை சோதனைக் கட்டளையால் உறுதி செய்துகொண்டு, ஏற்கெனவே திறந்திருந்த இணைப்பை மூடாமல் வேறொரு முனையத்திலிருந்து நுழைந்து பார்த்தேன்.

வெளியூரிலிருந்து இணைய வழி செய்யப் பார்த்தபோது, ரவுட்டரின் வெளி முகவரி 100.64 என்று தொடங்கியது. பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரியைப் பகிரும் ஏற்பாட்டின் அடையாளம் அது. அந்நிலையில், வெளியிலிருந்து வரும் இணைப்பை ரவுட்டர் சர்வருக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் பயன் தராது என்பதால், கட்டணம் செலுத்தி நிலையான பொது முகவரி பெற்றேன்.

அண்ணன் ஃபைல்ஜில்லா என்ற கோப்புப் பரிமாற்ற மென்பொருள் வழியாக முதன்முறை இணைந்தபோது, சர்வரின் அடையாளச் சாவியைச் சுருக்கிக் காட்டும் கைரேகைக் குறியீட்டை ஏற்கலாமா என்ற கேள்வி திரையில் வந்தது. பலரும் படிக்காமலே ஒப்புக்கொள்ளும் கேள்வி அது. ஆனால் இடையில் வேறெவரும் நம் சர்வர்போல் நடிக்கவில்லை என்பதை உறுதி செய்யும் இடமும் அதுவே. அவர் தொலைபேசியில் ஒவ்வோர் எழுத்தாகப் படிக்க, சர்வரிலிருந்து எடுத்த குறியீட்டோடு ஒப்பிட்டுச் சரி என்றேன். அதன் பிறகே அவர் ஏற்றுக்கொண்டு, முதல் கோப்பை அனுப்பினார்.