தாய்ப்பால் குழந்தைக்கு எடை ஏறுகிறதா?

பிறந்த முதல் சில நாட்களில் எடை 7 முதல் 10 சதவீதம் வரை குறையலாம். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். பிறகு முதல் மூன்று மாதம், நாளுக்குச் சுமார் 25–30 கிராம் ஏற வேண்டும்.

எடை போடும்போது துணி, டயப்பர் எல்லாவற்றையும் கழற்றுங்கள். நனைந்த டயப்பரின் எடையே 100 கிராமைத் தாண்டலாம். அது குழந்தையின் நாலு நாள் வளர்ச்சி! தராசு 10 கிராம் வரை துல்லியமாகக் காட்ட வேண்டும். நீளம் அளக்க இருவர் வேண்டும்: ஒருவர் தலையைப் பலகையோடு ஒட்டிப் பிடிக்க, மற்றவர் முழங்காலை நிமிர்த்திப் பாதப்பலகையை நகர்த்துவார். தனியாளாக அளந்த நீளத்தை நான் நம்புவதில்லை.

எடையைக் குறிக்க, உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வளர்ச்சி வரைபடத்தையே பயன்படுத்துங்கள். இந்தியா உட்பட ஆறு நாடுகளில், தாய்ப்பால் குடித்த குழந்தைகளை வைத்து உருவானது அது. 1977-இன் அமெரிக்க வரைபடம் பெரும்பாலும் புட்டிப்பால் குழந்தைகளுடையது. அதில் குறித்தால், நன்றாக வளரும் தாய்ப்பால் குழந்தைகூட மூன்று மாதத்துக்குப் பிறகு பின்தங்குவதாகத் தெரியும். எத்தனை பால்பவுடர் டப்பாக்கள் வீணாகத் திறக்கப்பட்டிருக்கும்!

ஒரு புள்ளியை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்; கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். நீளத்துக்கேற்ற எடை, வரைபடத்தின் மிகக் கீழான –3 கோட்டுக்கும் கீழே போனால் கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு. கைச்சுற்றளவில் (மேல்கையின் நடுவில் அளப்பது) 115 மி.மீ.க்குக் கீழே போனால் ஆபத்து என்ற எல்லை ஆறு மாதம் நிரம்பியவர்களுக்குத்தான். ஆறு வாரம் முதல் ஆறு மாதம் வரை 110 மி.மீ. இரு பாதங்களையும் அழுத்தினால் குழி விழுந்தால், எடை எதுவானாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

எடை ஏறவில்லையா? டப்பாவைத் தேடும் முன், ஒரு முறை பால் குடிப்பதை முழுசாகக் கவனியுங்கள். வாய் அகலத் திறந்து, முலைக்காம்பைச் சுற்றியுள்ள கருவளையத்தைக் கவ்வுகிறதா, விழுங்கும் சத்தம் கேட்கிறதா, நாளுக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போகிறதா? எல்லாம் சரியாக இருந்தும் எடை ஏறாவிட்டால், சிறுநீர்த் தொற்றோ இதயக் கோளாறோ இருக்கலாம். குழந்தை மருத்துவர் பார்க்க வேண்டும்.