மலைக்கு அந்தப் பக்கம்

“இந்த மலைக்கு அந்தப் பக்கம் என்ன தம்பி இருக்கு?”

இயேசு பிடிபட்ட இரவில் ஜெபித்த கெத்செமனே தோட்டத்தின் கம்பி வேலியைப் பிடித்தபடி அந்த அம்மா இதைக் கேட்டபோது நான் ஒலிவமரம் ஒன்றைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் குழுவில் அவர்தான் மூத்தவர், எழுபதைத் தாண்டியவர். மற்றவர்கள் மரங்களைப் பார்த்தார்கள், தேவாலயத்தின் முகப்பைப் பார்த்தார்கள், எதிரே பள்ளத்தாக்குக்கு அப்பால் நிற்கும் எருசலேம் மதிலைப் பார்த்தார்கள். இவர் அத்தனைக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு மலை உச்சியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குத் தெரியவில்லை. வழிகாட்டியைக் கூப்பிட்டுக் கேட்டேன். உச்சிக்கு ஏற இருபது நிமிடம் போதும், மறுபக்கம் இறங்கினால் பெத்தானியா, அதைத் தாண்டினால் யூதேயா வனாந்தரம், எரிகோ வரைக்கும் சவக்கடல் வரைக்கும் ஒரே மொட்டை மலைகள்தான் என்றார். தமிழில் சொன்னேன். அந்த அம்மா தலையை ஆட்டிக்கொண்டார்.

“அப்போ போயிருக்கலாமே.”

அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டுக் கீழே உதிர்ந்து கிடந்த கறுப்பு ஒலிவப்பழங்களைக் குனிந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார். எனக்குத்தான் அந்த வாக்கியம் பயணம் முடியும்வரை விடவில்லை.

அன்று காலையில் ஒலிவமலை உச்சியிலிருந்துதான் நடந்து இறங்கியிருந்தோம். குருத்தோலைப் பாதை என்கிறார்கள். முழங்கால் வலிக்காரர்களுக்குச் சொல்லிவைக்கிறேன், நல்ல சரிவு. ஒரு பக்கம் வரிசை வரிசையாக யூதர்களின் கல்லறைகள். பாதி வழியில் ‘ஆண்டவர் அழுத இடம்’ என்று ஒரு சிற்றாலயம், கண்ணீர்த்துளி வடிவக் கூரையோடு 1955-இல் கட்டியது. பீடத்துக்குப் பின்னால் சுவர் இல்லை, ஜன்னல். அதன் வழியே நகரம் முழுவதும் தெரிகிறது. அங்கே எல்லாரும் அரைமணி நேரம் படம் எடுத்துக்கொண்டோம்.

தோட்டத்தில் இப்போது எட்டுப் பழைய மரங்கள் இருக்கின்றன. தண்டு திருகி, குடைந்து, உள்ளே ஒரு சிறுபிள்ளை ஒளிந்துகொள்ளலாம் போல இருக்கிறது. இயேசு ஜெபித்த அதே மரங்கள் என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 2012-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் சோதித்ததில் மூன்று மரங்களின் தண்டு 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று தெரியவந்தது. எட்டும் ஒரே தாய்மரத்தின் வழிவந்தவை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. கி.பி. 70 முற்றுகையின்போது ரோமர்கள் நகரத்தைச் சுற்றியிருந்த மரங்களை வெட்டித் தள்ளியதாக அந்தக் காலத்து யூத வரலாற்றாசிரியர் ஜோசிஃபஸ் எழுதியிருக்கிறார். ஆனால் ஒலிவமரம் வெட்டினாலும் வேரிலிருந்து துளிர்க்கும் சாதி. வேர் எவ்வளவு பழையதோ, யாருக்குத் தெரியும். மரம் பழையதா என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. மலை அதே மலை, பள்ளத்தாக்கு அதே பள்ளத்தாக்கு. அந்த அம்மாவின் கேள்விக்கு அதுதான் வேண்டியது.

யோசித்துப் பாருங்கள். பஸ்கா காலம், ஆகவே பௌர்ணமி நிலவு. தோட்டம் மலையடிவாரத்தில். எதிரே கெதரோன் பள்ளத்தாக்கு, அதற்கு அப்பால் மதில். பந்தங்களோடும் தீவட்டிகளோடும் வந்தார்கள் என்கிறார் யோவான். வாசலை விட்டு வெளியே வந்த உடனே அந்த வெளிச்சம் இங்கிருந்து தெரிந்திருக்கும். அவர்கள் பள்ளத்தில் இறங்கி ஏறி வருவதற்குள், பழகிய கால் உள்ளவர் மலையில் பாதி ஏறியிருப்பார். உச்சியைத் தாண்டிவிட்டால் பெத்தானியாவில் லாசருவின் வீடு. அதற்கும் பயமென்றால் வனாந்தரம், நாற்பது நாள் இருந்து பழகிய இடம். இன்னொன்றும் யோவான் சொல்கிறார்: இயேசு அடிக்கடி சீஷர்களோடு அங்கே போவார், ஆகவே யூதாசுக்கும் அந்த இடம் தெரியும். காட்டிக்கொடுக்கப் போனவனுக்கு நன்றாகத் தெரிந்த இடத்திலேயே வந்து உட்கார்ந்திருக்கிறார்.

இன்றைக்கு அந்த வழியாக நேரே பெத்தானியாவுக்குப் போக முடியாது. நடுவில் கான்கிரீட் தடுப்புச் சுவர் நிற்கிறது. எருசலேமிலிருந்து ஏறக்குறைய இரண்டு மைல் என்று வேதத்தில் இருக்கும் ஊருக்கு இப்போது பேருந்து சுற்றிச் சுற்றித்தான் போகிறது.

அன்றிரவு விடுதி அறையில் வேதாகமத்தைப் புரட்டினேன். இதே வழியில் ஒருவர் ஓடியது நினைவுக்கு வந்தது. தாவீது. மகன் அப்சலோம் கலகம் செய்தபோது ராஜா அரண்மனையை விட்டுப் புறப்பட்டு, கெதரோனைக் கடந்து, முகத்தை மூடிக்கொண்டு, வெறுங்காலோடு அழுதுகொண்டே இதே ஒலிவமலையில் ஏறி அந்தப் பக்கம் போய்த் தப்பித்தார். இரண்டாம் சாமுவேல் 15-ஆம் அதிகாரம். எத்தனையோ முறை வாசித்ததுதான். இடத்தைப் பார்த்த பிறகு வாசித்தால் வேறு மாதிரி இருக்கிறது. தாவீதின் குமாரன் என்று ஜனங்கள் கூப்பிட்டவர் அதே பள்ளத்தாக்கைக் கடக்கிறார், அதே மலையடிக்கு வருகிறார், அங்கேயே நின்றுவிடுகிறார்.

கதை அதோடு முடியவில்லை. அப்சலோம் செத்துப்போன செய்தி வந்ததும் தாவீது மேல்வீட்டுக்கு ஏறிப்போய் அழுகிறார்: “நான் உனக்குப் பதிலாகச் செத்தேனானால் நலமாயிருக்கும்.” தன்னைக் கொல்லத் தேடிய மகனுக்காக ஒரு தகப்பன் சொல்கிற வார்த்தை இது. ஆசைப்பட முடிந்தது, செய்ய முடியவில்லை. சாவதற்கு அவர் போய் நிற்க வேண்டிய நேரமும் தாண்டிப்போயிருந்தது. தன்னைப் பகைத்தவனுக்குப் பதிலாகத் தான் சாகும் அன்பு எப்படி இருக்கும் என்று தாவீதுக்குத் தெரிந்திருக்கிறது. பவுல் ரோமருக்கு எழுதும்போது, நாம் தேவனுக்குச் சத்துருக்களாயிருக்கையில் அவருடைய குமாரனின் மரணத்தினாலே ஒப்புரவாக்கப்பட்டோம் என்கிறாரே, அதைத் தாவீதிடம் வாசித்துக் காட்டினால் விளக்கம் கேட்டிருக்க மாட்டார் என்று தோன்றியது.

இளவயதில் ஒரு கூட்டத்தில் சிலுவையைப் பற்றிக் கேட்ட பிரசங்கம் எனக்குள் ஒரு முள்ளாக நீண்ட நாள் இருந்தது. கோபமான தகப்பன் ஒருவர், அடிக்க ஒரு ஆள் தேடுகிறார், மகன் அகப்பட்டுக்கொள்கிறார். ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது அந்தப் பிரசங்கம். அன்றைக்கு எழுந்து கேள்வி கேட்கத் துணிச்சல் இல்லை. மீட்பு எப்படி நடந்தது என்பதைச் சபை பல விதமாக விளக்கி வந்திருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அன்செல்ம் என்ற இறையியலாளர் அதைத் தீர்க்க முடியாத கடனைத் தீர்த்ததாகச் சொன்னார். அடுத்த தலைமுறையில் அபெலார்டு என்ற இன்னொரு இறையியலாளர், அந்த அன்பைக் கண்டு மனிதர் உள்ளம் மாறுவதை அழுத்திச் சொன்னார். எந்த விளக்கத்தை எடுத்தாலும் சரி, யோவான் 10-ஆம் அதிகாரத்தை விட்டுவிட்டால் கதை கெட்டுவிடும்: “ஒருவனும் அதை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளமாட்டான், நானே அதைக் கொடுக்கிறேன்.” அகப்பட்டவர் பேசுகிற பேச்சா இது? தேவன் கிறிஸ்துவுக்குள் இருந்து உலகத்தைத் தமக்கு ஒப்புரவாக்கினார் என்று பவுல் எழுதுகிறார். கிறிஸ்துவுக்குள் இருந்து. வெளியே நின்று சாட்டையைப் பிடித்துக்கொண்டு அல்ல.

சரி, தோட்டத்துக்கே வருகிறேன். பக்கத்திலுள்ள தேவாலயத்தைச் சகல ஜாதிகளின் ஆலயம் என்கிறார்கள். பர்லூச்சி என்ற இத்தாலியக் கட்டடக்கலைஞர் வடிவமைத்து 1924-இல் முடித்தது. நல்ல பகல் வெயிலிலிருந்து உள்ளே நுழைந்தால் கண் தெரியாது. ஜன்னல்களில் ஊதா நிறக் கல்லைப் பதித்து, எப்போதும் இரவாகவே இருக்கும்படி செய்திருக்கிறார். பீடத்துக்கு முன்னால் தரையோடு தரையாக ஒரு பாறை. இயேசு முகங்குப்புற விழுந்து ஜெபித்த பாறை என்பது பாரம்பரியம். அதைச் சுற்றி முள்முடி போலப் பின்னிய இரும்பு வேலி, முழங்கால் உயரம்கூட இல்லை. வருகிறவர்கள் வேலிக்கு மேலாகக் கையை நீட்டித் தொடுகிறார்கள். தொட்டுத் தொட்டு ஓரம் வழவழப்பாகிவிட்டது. நானும் தொட்டேன். சில்லென்று இருந்தது. ஜெபிக்க வார்த்தை வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கொஞ்சம் தள்ளி, மரியாளின் கல்லறை ஆலயத்தை ஒட்டி ஒரு குகை இருக்கிறது. அதிகம் பேர் எட்டிப்பார்ப்பதில்லை. கெத்செமனே என்றால் எண்ணெய் ஆலை என்று அர்த்தம். ஆலை இருந்தது இந்தக் குகையில்தான் என்கிறார்கள். முதலில் பழத்தைக் கல்லில் நசுக்குவார்கள். நசுக்கிய கூழைத் தட்டையான நார்க்கூடைகளில் போட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். பிறகு நீளமான மரத்தடியின் ஒரு முனையைச் சுவர்க்குழியில் செருகி, கூடைகளின் மேல் படுக்கவைத்து, மறுமுனையில் கற்களைக் கட்டித் தொங்கவிடுவார்கள். தடியின் முனையைச் செருகிய குழி என்று குகைச் சுவரில் ஒன்றைக் காட்டினார்கள். பாரம் ஏற ஏற எண்ணெய் கசிந்து வழியும். வேர்வை இரத்தத்தின் பெருந்துளிகளாய்த் தரையிலே விழுந்தது என்று லூக்கா எழுதியதை அங்கே நின்று ஒருவர் வாசித்தார். நான் சுவர்க்குழியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சிலுவைப் பாதை. 14 நிலைகள், முதல் ஒன்பது பழைய நகரத்தின் சந்துகளில், கடைசி ஐந்தும் கல்லறை ஆலயத்துக்குள். கூட்டம், தள்ளுமுள்ளு, செல்போன்கள். ஐந்தாம் நிலையில் மட்டும் நின்றேன். சிரேனே ஊரானாகிய சீமோன் சிலுவை சுமந்த இடம். அவனைப் ‘பலவந்தம்பண்ணினார்கள்’ என்று மத்தேயு எழுதுகிறார். அந்த வீதியில் ஒரே சிலுவையை இரண்டு பேர் சுமந்தார்கள். பலவந்தம் என்ற வார்த்தை ஒருவருக்குத்தான் வருகிறது. ஆலயத்துக்குள் செங்குத்தான படியேறி, வரிசையில் நின்று, பீடத்தின் கீழ் மண்டியிட்டு, வட்டத் துளைக்குள் கைவிட்டு, சிலுவை நின்ற இடம் என்கிற கொல்கொதா பாறையைத் தொட்டேன். பின்னால் நின்றவர் முதுகில் தட்டினார், எழுந்துவிட்டேன்.

கடைசி நாள் மாலை எங்கள் குழுவுக்குக் கெத்செமனே ஆலயத்தில் ஒரு மணி நேர ஜெபம் ஏற்பாடாகியிருந்தது. “நீங்கள் ஒரு மணி நேரமாவது என்னோடேகூட விழித்திருக்கக்கூடாதா?” என்று கேட்டாரே, அதை வைத்துத்தான் அந்த ஒரு மணி நேரம். எங்களில் இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள். குறை சொல்லவில்லை, பேதுருவும் தூங்கினான்.

முடிந்து வெளியே வந்தால் பேருந்து இன்னும் வரவில்லை. நல்ல குளிர். சாலையோரத் திண்டில் அந்த அம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எதிரே மதில் விளக்கொளியில் மஞ்சளாகத் தெரிந்தது. ஸ்தேவான் வாசல் பக்கமிருந்து வண்டி விளக்குகள் ஒவ்வொன்றாக இறங்கி, வளைவில் மறைந்து, மறுபடி எங்களை நோக்கி ஏறி வந்தன.

“இப்படித்தான் வந்திருப்பாங்க இல்ல தம்பி, வெளிச்சத்தோட?”

“ஆமாம்மா. இங்கேருந்தே தெரிஞ்சிருக்கும்.”

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

“ஓடிடலாம்னு அவருக்குத் தோணவே இல்லையா?”

“தோணியிருக்கும்மா. இந்தப் பாத்திரம் நீங்கட்டும்னு மூணு தடவை கேட்டாரே.”

“மூணு தடவை கேட்டுட்டு…” என்று இழுத்தவர் முடிக்கவில்லை. பிறகு எழுந்து நிற்க என் கையைப் பிடித்துக்கொண்டார். “வந்தவங்ககிட்ட என்ன சொன்னாரு? இவங்களை விட்டுடுங்கன்னு சொன்னாரு இல்ல?”

“என்னைத் தேடுகிறதுண்டானால், இவர்களைப் போகவிடுங்கள்.”

“அதான். தூங்கினவங்களை.”

இன்னொரு வெளிச்சம் வளைவு திரும்பி மேலே ஏறி வந்தது. எங்கள் பேருந்துதான்.