குழாய் வீணாகவில்லை, உப்பு அடைத்திருந்தது

வாஷ்பேசின் குழாயில் தண்ணீர் மெலிந்து வருகிறது, மூடினாலும் சொட்டுகிறது என்று சொன்னதுமே பிளம்பர் தீர்ப்பு சொல்லிவிட்டார். "குழாயையே மாற்றிவிடுங்கள் அக்கா. போர் தண்ணீருக்கு இது இவ்வளவு காலம் உழைத்ததே பெரிது."

அவர் சொன்னதில் பாதி சரி. போர் தண்ணீர்தான் காரணம். ஆனால் பித்தளையில் வார்த்து, மேலே குரோமியம் பூசிய கனமான குழாய் அது. உடலில் விரிசல் இல்லை, மரை தேயவில்லை. அதைத் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை. எங்கள் பகுதியில் வீட்டுக்கு வீடு இப்படி நல்ல குழாய்களைப் பழைய இரும்புக் கடைக்குப் போடுகிறார்கள். உள்ளே என்ன கெட்டிருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. எனவே நான் பிரித்த கதையை விவரமாகவே எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது சேலத்தில் ஜாகீர் அம்மாபாளையம் பக்கம். ஓமலூர் ரோட்டில் மாமாங்கத்தைத் தாண்டிப் போயிருப்பவர்களுக்கு அங்குள்ள வெள்ளைக்கல் சுரங்கங்கள் தெரிந்திருக்கும். அந்த வெள்ளைக்கல் மக்னீசியம் கார்பனேட். பாறையில் மக்னீசியம் இருந்தால் நிலத்தடி நீரிலும் அது கரைந்து வரும். கூடவே சுண்ணாம்புச் சத்தும் வரும். மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீரைச் சமையலுக்கும் குடிக்கவும் வைத்துக்கொள்கிறோம். குளியலறைக்கு எல்லாம் போர் தண்ணீர்தான். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வுக்கூடத்தில் அதைக் கொடுத்துப் பார்த்தோம். குடிநீருக்கான இந்தியத் தர விதி, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரையிலான கடினத்தன்மையை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. எங்கள் தண்ணீர் அந்த 600-ஐயும் தாண்டியிருந்தது. சோப்பு நுரைக்காததும், பக்கெட் விளிம்பில் வெள்ளை வளையம் விழுவதும், குழாய் இறுகுவதும் இதனால்தான்.

சொட்டும் குழாய் ஏன் வேகமாகக் கெடுகிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஒவ்வொரு சொட்டும் வாயில் சிறிது நேரம் நின்றுதான் விழுகிறது. நிற்கும் நேரத்தில் கொஞ்சம் நீர் ஆவியாகிறது, உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. சொட்டச் சொட்டப் படிவு தடிக்கிறது. அது உள்ளே ஏறினால் குழாய் இன்னும் சரியாக மூடாது. பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட இதில் இடமே இல்லை.

ஒரு ஸ்பேனரைக் கூட எடுக்கும் முன்பு, கோளாறு எங்கே என்று பார்த்தேன். அதே குளியலறையில் பக்கெட் குழாய் முழு வேகத்தில் கொட்டியது. கழிப்பறைக் கைத்தெளிப்பானும் நன்றாகவே வந்தது. அப்படியானால் மொட்டை மாடித் தொட்டியிலோ பிரதான குழாயிலோ அடைப்பு இல்லை. வாஷ்பேசினுக்கு அடியில் சுவரை ஒட்டி இருக்கும் ஆங்கிள் வால்வு முழுதாகத் திறந்திருக்கிறதா என்று பார்த்தேன், திறந்துதான் இருந்தது. மிச்சம் இருப்பது குழாய் மட்டுமே. எல்லாக் குழாய்களிலும் ஒரே நேரத்தில் வேகம் குறைந்தால் மாடிக்குத்தான் போக வேண்டும், குழாயைப் பிரிப்பதால் ஒரு பயனும் இல்லை.

ஆங்கிள் வால்வை மூடும்போது பொறுமை வேண்டும். நெடுநாள் தொடாத வால்வு உப்பில் இறுகியிருக்கும். ஒரே மூச்சில் முறுக்கினால் அதன் தண்டு முறிந்துவிடும். அப்போது வீட்டுத் தண்ணீர் முழுவதையும் நிறுத்த வேண்டிவரும். கொஞ்சம் மூடுவது, கொஞ்சம் திறப்பது, மறுபடி கொஞ்சம் கூடுதலாக மூடுவது என்று அசைத்து அசைத்துத்தான் மூடினேன். அதற்கும் முன்பாக, தொட்டியிலிருந்து இறங்கும் குழாயின் கேட் வால்வு மாடியில் எங்கே இருக்கிறது, அது திரும்புகிறதா என்று பார்த்து வைத்தேன். வீட்டில் உள்ள எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய இடம் அது. பிறகு பேசினின் வடிகால் துளையை ஒரு பழைய துணியால் அடைத்தேன். சின்ன ஸ்க்ரூ ஒன்று அதில் விழுந்தால் வேலை இரண்டாகிவிடும்.

முதலில் குழாயின் வாயில் இருக்கும் வலை. தண்ணீரோடு காற்றைக் கலந்து, சிதறாமல் விழச்செய்வது அது. கழற்றும் திசையில் பலரும் தடுமாறுவார்கள். கீழிருந்து நிமிர்ந்து பார்த்தால் இடப்பக்கமாகத் திருப்ப வேண்டும். மேலிருந்து குனிந்து பார்த்தால் அதுவே வலப்பக்கமாகத் தெரியும். கைக்கு வரவில்லை. சின்ன பிளாஸ்டிக் பையில் வினிகர் ஊற்றி, குழாயின் வாய் அதில் மூழ்கும்படி ரப்பர் பேண்டு போட்டு அரை மணி நேரம் கட்டி வைத்தேன். பொறுபொறுவென்று சிறு குமிழ்கள் எழுந்தன. படிவிலுள்ள கார்பனேட்டை அமிலம் கரைக்கும்போது வெளியேறும் கரியமில வாயு அது. பையை அவிழ்த்ததும் தண்ணீரால் நன்றாகக் கழுவிவிட்டேன். வினிகரை இரவு முழுக்கக் கட்டிவைத்தால் குரோமியப் பூச்சு மங்கிப்போகும். பிறகு வலையின் மேல் தடித்த துணியைச் சுற்றி, குறடால் இதமாகப் பிடித்துத் திருப்பினேன், கழன்று வந்தது.

அந்த வலையைப் பார்த்திருக்க வேண்டும். வெளிப்பக்கம் சுண்ணாம்பு பூசிய மாதிரி வெள்ளை. உட்பக்கத் துளைகளில் பாதிக்கு மேல் அடைத்திருந்தது. அதன் மேல் மணல், தொட்டிச் சேறு, அத்துடன் இளமஞ்சளாகச் சில பிளாஸ்டிக் பிசிறுகள். வீடு கட்டியபோது குழாய் அறுத்தவர்கள் விட்ட பிசிறு அது, இத்தனை காலம் கழித்து இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. உள்ளே இருந்த சல்லடை, நடுத்தட்டு, ரப்பர் வாஷர் எல்லாவற்றையும் வெளியே வந்த வரிசையிலேயே துணியில் பரப்பி, கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். ரப்பரைத் தவிர மற்றதை வினிகரில் ஊறப்போட்டு, பழைய பல்துலக்கியால் தேய்த்தேன். குண்டூசியால் துளைகளைக் குத்தக் கூடாது. துளை பெரிதாகிவிட்டால் தண்ணீர் பக்கவாட்டில் பீச்சும்.

வலை இல்லாமல் ஆங்கிள் வால்வைத் திறந்து பார்த்தேன். தண்ணீர் முழு வேகத்தில் வந்தது. மெலிந்து வந்ததற்கு வலை மட்டுமே காரணம். ஒரு ஸ்பேனர்கூடத் தேவைப்படாத வேலை!

சொட்டுவது வேறு சங்கதி. குழாயின் கைப்பிடி எவ்வளவு தூரம் திரும்புகிறது என்பதை வைத்தே உள்ளே இருப்பதை ஊகித்துவிடலாம். பல சுற்று சுற்றினால் உள்ளே பழைய வகை ஸ்பிண்டில், அதாவது கைப்பிடியோடு திரும்பும் உள்தண்டு. அதன் நுனியில் உள்ள ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கும், அதை மாற்றினால் போதும். கால் சுற்றிலோ அரைச் சுற்றிலோ முழுதும் திறந்துவிட்டால் உள்ளே இருப்பது பீங்கான் தட்டுகள். எங்களுடையது கால் சுற்று.

மறுபடி வால்வை மூடி, கைப்பிடியின் தலையில் இருந்த மூடியைப் பிளாஸ்டிக் தகட்டால் நெம்பினேன். கீழே ஒரு ஸ்க்ரூ. அதை எடுத்ததும் கைப்பிடி மேலே வந்தது. அலங்கார வளையத்தையும் கழற்றிய பிறகு, அறுகோணத் தலையோடு பித்தளை ஸ்பிண்டில் தெரிந்தது. ஸ்க்ரூ ஸ்பேனரால் இடப்பக்கமாகத் திருப்ப, மெல்ல இளகியது. குழாயின் உடலை மறுகையால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் குழாய் முழுவதும் பேசினில் சுழன்று, அடியில் உள்ள இணைப்பு முறுக்கிக்கொள்ளும்.

அந்த ஸ்பிண்டிலின் அடியில் இரண்டு வெள்ளைத் தட்டுகள். ஒன்று அசையாது, மற்றொன்று கைப்பிடியோடு திரும்பும். இரண்டின் திறப்புகளும் ஒன்றின் மேல் ஒன்றாக வந்தால் தண்ணீர் வரும், விலகினால் நிற்கும். ஈரக் கண்ணாடித் துண்டுகள் இரண்டு ஒட்டிக்கொள்வதைப் போல, அவற்றின் வழுவழுப்புதான் நீரைத் தடுக்கிறது, ரப்பர் அல்ல. இந்த அமைப்பை முதன்முதலாகக் கையில் வைத்துப் பார்த்தபோது வியந்துபோனேன். ஒரு மணல் துகள் நடுவில் புகுந்தாலே போதும், அந்த வழுவழுப்பு கெட்டுவிடும்.

புகுந்திருந்தது. வினிகரில் ஊறவைத்துக் கழுவியதும் தட்டுகளின் வெண்படிவு போய்விட்டது, கைப்பிடியின் இறுக்கமும் தளர்ந்தது. ஆனால் அசையும் தட்டின் மேல் நகத்தை ஓட்டினால் ஓரிடத்தில் மெல்லிய கீறல் தட்டுப்பட்டது. கீறல் விழுந்த பீங்கானைச் சரிசெய்ய வழியில்லை. கம்பி நாரும் உப்புத்தாளும் அதன் மேல் படவே கூடாது, கீறல்தான் பெருகும். ஸ்பிண்டிலை மட்டும் மாற்ற வேண்டும், குழாயை அல்ல.

பழைய ஸ்பிண்டிலைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு செவ்வாய்ப்பேட்டைக்குப் போனேன். "அளவு தெரியும், அரை இஞ்சு" என்று சொல்லி வாங்கிவரும் பொருள் இல்லை இது. கடைக்காரர் முதலில் தண்டின் தலையில் உள்ள பற்களை எண்ணினார். எண்ணிக்கை மாறினால் நம் கைப்பிடி உட்காராது. பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்து உயரம் பார்த்தார். "குளிர் தண்ணீர்ப் பக்கமா, சூடு பக்கமா அக்கா?" என்று கேட்டார். வெந்நீரும் தண்ணீரும் கலக்கும் குழாய்களில் இரண்டு பக்க ஸ்பிண்டில்களும் எதிரெதிர்த் திசையில் திறப்பதாக இருக்கும். மாற்றிப் போட்டால் மூடும்போது திறக்கும். அவர் கேட்ட கேள்விகளைக் கேட்காத கடையில் இதை வாங்கவே கூடாது என்பது என் கருத்து. புதுக் குழாய் விலையில் சிறு பங்குதான் ஆனது.

பொருத்துவதற்கு முன், ஸ்பிண்டில் உட்காரும் குழியை ஈரத் துணியால் துடைத்து உப்புத் தூளை எடுத்தேன். ஸ்பிண்டிலில் உள்ள ஓ வளையம் என்ற ரப்பர் வளையத்தில் சிலிகான் கிரீஸ் துளி தடவினேன். தேங்காய் எண்ணெயும் வேசலினும் வேண்டாம். சில வகை ரப்பர்கள் எண்ணெய் பட்டால் ஊதிவிடும். முதலில் கையால் முடிந்த மட்டும் திருகி, பிறகு ஸ்பேனரால் சிறிது மட்டும் இறுக்கினேன். ஆங்கிள் வால்வை மெல்லத் திறந்து, வலையைப் போடாமலே குழாயைத் திறந்துவிட்டேன். காற்றும் கலங்கலும் போன பிறகுதான் வலையை மாட்டினேன். தொட்டி கழுவும் நாளிலும் இதையே செய்ய வேண்டும். எல்லா வலைகளையும் கழற்றி வைத்துவிட்டு முதல் தண்ணீரை ஓடவிட்டால், கிளம்பிய சேறு மறுபடி அடைக்காது.

சொட்டு நின்றது. என் அத்தைக்குச் சந்தேகம் தீரவில்லை. இரவு குழாய்க்குக் கீழே ஒரு டம்ளரை வைத்தார். காலையில் அது உலர்ந்தே இருந்தது. "சரி, வெளியே இருக்கும் கறையை நான் புளி போட்டுத் தேய்க்கிறேன்" என்று கிளம்பினார். பூசையறைக் குத்துவிளக்குக்குப் புளி சரி, அதிலிருக்கும் அமிலம் பித்தளைக் கறையை எடுத்துவிடும். குரோமியப் பூச்சு மிக மெல்லியது, நாரோடும் கோதோடும் தேய்த்தால் கீறிவிடும் என்று சொல்லி, வினிகர் நனைத்த துணியைக் கொடுத்தேன். கறை உள்ள இடத்தில் அதைச் சற்று நேரம் சுற்றிவைத்து, கழுவி, துடைத்தோம். இப்போது இரவு படுக்கப் போகும் முன் உலர்ந்த துணியால் குழாயைத் துடைத்துவிடுகிறார் அத்தை. நீர்த்துளி நிற்காவிட்டால் கறையே விழாது.

பாத்ரூம் ஆசிட்டைப் பற்றி உரக்கவே சொல்கிறேன். தரைக்கு ஊற்றும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உப்புக் கறையை நொடியில் எடுக்கும், கூடவே குழாயின் பூச்சையும் எடுத்துவிடும். பூச்சு போன இடத்தில் பித்தளை பச்சை பிடிக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, அதே இடத்தில் பிளீச்சிங் பவுடரும் கலந்தால் குளோரின் வாயு கிளம்புவது. மூடிய குளியலறையில் அது மூச்சையே அடைத்துவிடும். வினிகரையும் பிளீச்சிங் பவுடரோடு சேர்க்கக் கூடாது.

ஏற்காட்டில் நாத்தனார் வீட்டுக்குப் போனபோது அவர்கள் குழாயையும் பார்த்தேன், விட முடியவில்லை. அங்கே வெண்படிவு கிட்டத்தட்ட இல்லை. வலையில் இருந்தது செம்மண் வண்டலும் இலைத் துணுக்கும்தான். தண்ணீரில் கழுவியதுமே சுத்தமாகிவிட்டது.

எங்கள் பக்கெட் குழாய்க்கு மட்டும் பிளம்பரையே அழைத்தோம். அது வாயில் சொட்டவில்லை, சுவரை ஒட்டிக் கசிந்தது. குழாயின் மரை சுவருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் இணைப்பில் போய் உட்காருகிறது. தவறாகத் திருகி அந்த இணைப்பு வெடித்தால் சுவர் டைல்ஸை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். அவர் வந்து மாடி வால்வை மூடி, குழாயைக் கழற்றி, மரையில் ஒட்டியிருந்த பழைய டேப்பைச் சுரண்டி எடுத்தார். மரையின் முகம் தன்னைப் பார்க்கும்படி பிடித்து, புதிய டெஃப்லான் டேப்பை வலமாகவே சுற்றினார். இடமாகச் சுற்றினால் திருகும்போது டேப் பிரிந்துவிடுமாம். புதுக் குழாய் கேட்கவில்லை, அதே குழாயைத்தான் மாட்டிக் கொடுத்தார்.