ரிக்ஸி மார்க்கஸும் எதிரே உட்கார்ந்த ஃப்ரிட்ஸியும்

பிரிட்ஜ் என்பது எதிரெதிரே உட்காரும் இரண்டு ஜோடிகள் ஆடும் சீட்டாட்டம். அதில் சாம்பியன் என்றாலே எல்லோரும் ஞாபகசக்தியைத்தான் பேசுகிறார்கள். அது வேண்டும்தான். ஆனால் ரிக்ஸி மார்க்கஸின் வாழ்க்கையைப் பார்த்தால், ஜோடி அமைவதுதான் பெரிய விஷயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

1910-இல், அப்போது ஆஸ்திரியா-ஹங்கேரியில் இருந்த புக்கோவினாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். முதல் உலகப்போரில் ரஷ்யப் படை நெருங்கியதும் குடும்பம் வியன்னாவுக்கு ஓடியது. அங்கே ஆட்டத்தில் வளர்ந்து, 1937-இல் உலகப் பட்டம் வென்ற ஆஸ்திரியப் பெண்கள் அணியில் ஆடினார். மறு வருஷமே ஹிட்லர் ஆஸ்திரியாவைப் பிடித்துக்கொண்டார். நேற்றுவரை நாட்டுக்காக ஆடி ஜெயித்தவர், லண்டனில் அகதியாக வந்து இறங்கினார்.

லண்டனில்தான் அவருக்கு ஃப்ரிட்ஸி கோர்டன் ஜோடியானார். அவரும் வியன்னாவிலிருந்து தப்பி வந்தவர். இருவரும் மேஜையிலேயே போட்ட சண்டைகள் பிரிட்ஜ் உலகம் முழுக்கப் பிரசித்தம். ஆனாலும் 1962-இல் கான் நகரில் பெண்கள் ஜோடிகளுக்கான உலகப் பட்டம் இவர்களுக்குத்தான். 1974-இல் லாஸ் பால்மாஸில் மறுபடியும் இவர்களே!

இது எப்படி முடிந்தது என்று புரிய, சீட்டு ஆடுவதற்கு முன் நடக்கும் ஏலத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். உங்கள் கையிலுள்ள 13 சீட்டு உங்களுக்கு மட்டும்தான் தெரியும். ஜோடியின் சீட்டையும் சேர்த்து எத்தனை ட்ரிக் (ஆளுக்கொரு சீட்டுப் போடும் ஒரு சுற்று) எடுக்கலாம் என்பதை 'ஒரு ஸ்பேட்', 'மூன்று ஹார்ட்', 'பாஸ்' மாதிரியான சில வார்த்தைகளிலேயே பேசி முடிக்க வேண்டும், முகத்தில் எதையும் காட்டக்கூடாது, நீங்கள் தயங்கினால் அந்தத் தயக்கத்தை வைத்து ஜோடி எதையும் ஊகித்து ஆடவும் கூடாது. ஆட்டம் முடிந்தபின் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளலாம், ஏலத்தின்போது எதிரே இருப்பவர் சொன்னதை அப்படியே நம்பியாக வேண்டும். அந்த நம்பிக்கை இவர்களிடம் கடைசிவரை இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

சீட்டு நன்றாக விழுந்ததால் ஜெயித்தார்கள் என்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் போட்டிகளில் அதே சீட்டுகளை மற்ற மேஜைகளிலும் ஆடுவார்கள், அவர்களோடு ஒப்பிட்டுத்தான் மதிப்பெண்.

அப்புறம், கணக்கு. டம்மியில், அதாவது உங்கள் ஜோடி மேஜைமேல் திறந்து வைத்த சீட்டுகளில், கிளப் ஏஸும் ராணியும் இருக்கின்றன, ராஜா எதிரிகளில் யாரோ ஒருவரிடம். உங்களுக்கு இடது பக்கம் இருக்கும் எதிரியிடம் இருந்தால் ராணியை வைத்தே ஒரு ட்ரிக் எடுத்துவிடலாம், பாதிக்குப் பாதி வாய்ப்பு. சாதாரண ஆட்டக்காரர் உடனே இறங்கிவிடுவார். நல்ல ஆட்டக்காரர் மற்ற மூன்று இனங்களையும் முதலில் ஆடிப் பார்ப்பார். இடது பக்க எதிரியிடம் ஸ்பேட் 6, ஹார்ட் 2, டைமண்ட் 3 என்று தெரிந்துவிட்டால், அவரிடம் கிளப் இரண்டே இரண்டுதான். எதிரிகளிடம் மொத்தம் 7 கிளப் என்றால் மீதி ஐந்தும் வலது பக்கம். இப்போது ராஜா வலது பக்கம் இருக்கத்தான் அதிக வாய்ப்பு. சரி, முடிந்தால் வேறு வழியே இல்லாமல் வலது பக்க எதிரியையே முதலில் கிளப் போட வைத்துவிடலாம், ராணி தானாக ஜெயிக்கும். இதை ஒவ்வொரு ஆட்டத்திலும், மணிக்கணக்காக, களைத்துப்போன பிறகும் செய்ய வேண்டும்.

1974-இல் உலக கிராண்ட் மாஸ்டர் பட்டம் பெற்ற முதல் பெண் ஆனார் ரிக்ஸி. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் இரு அவைகளுக்கும் இடையே வருஷா வருஷம் ஒரு பிரிட்ஜ் போட்டியையும் தொடங்கிவைத்தார். 1955 முதல் கார்டியன் நாளிதழில் பிரிட்ஜ் பத்தி எழுதினார், 1992-இல் இறக்கும்வரை அதை விடவே இல்லை.