சாறு அம்மாவுக்கு, சக்கை எங்களுக்கு

எங்கள் வீட்டில் காலைச் சாறு உடல்நல மோகத்தால் நுழைந்ததன்று. அம்மாவுக்கு 78 வயதாகிறது. மேல்வரிசைப் பற்களை எடுத்த பிறகு கேரட்டையோ பீட்ரூட்டையோ மெல்ல முடியாமல் போனதால், ஒன்றரை ஆண்டுகளாக நாள்தோறும் ஏதேனும் ஒரு காயை மிக்ஸியில் அரைத்து, பழைய வேட்டித் துணியில் பிழிந்து, அவருக்கு ஒரு டம்ளர் கொடுத்துவருகிறேன். துணிக்குள் மிஞ்சிய சக்கையை முதல் சில வாரங்கள் குப்பையில்தான் கொட்டினேன். ஒருநாள் தராசில் வைத்துப் பார்த்தபோது, அரைக் கிலோ கேரட்டில் 200 கிராமுக்கு மேல் துணியிலேயே தங்கியிருந்தது. உழவர் சந்தையில் விலைப்பலகையைப் பார்த்துப் பார்த்து வாங்கிய காயில் பாதிக்குச் சற்றுக் குறைவானதை நானே தூக்கி எறிந்துகொண்டிருந்திருக்கிறேன். அம்மா அதைக் கவனித்துவிட்டு, “புளிச்சக்கையில குத்துவிளக்கு தேய்ச்ச வீடுடா இது” என்று மட்டும் சொன்னார்.

முதல் முயற்சி படுதோல்வி. கேரட், பாகற்காய், இஞ்சி, புதினா எல்லாவற்றையும் சேர்த்துப் பிழிந்த ஒரு நாளில், அந்தக் கலவைச் சக்கையை அப்படியே கோதுமை மாவில் போட்டுச் சப்பாத்தி இட்டேன். குருமா தீர்ந்துவிட்டது, சப்பாத்தி அடுக்கில் அப்படியே இருந்தது. அன்று கற்றுக்கொண்ட பாடத்தை இன்றுவரை மீறவில்லை. அடுக்களைக்கு வரவேண்டிய காயைத் தனியாக முதலில் பிழிந்து, சக்கையை எடுத்து வைத்துவிட்டு, அதன் பிறகே இஞ்சியையும் புதினாவையும் அரைத்துச் சாற்றில் சேர்க்கிறேன். கேரட்டின் காம்புப் பகுதியையும் பீட்ரூட்டின் தோலையும் அரைப்பதற்கு முன்பே நீக்கிவிட வேண்டும். சக்கையான பிறகு அவற்றைப் பொறுக்கியெடுக்க முடியாது.

சக்கைக்கு ஏன் சுவை இல்லை என்பதற்குக் காரணம் எளிது. காயிலுள்ள சர்க்கரை, பொட்டாசியம் போன்ற உப்புகள், வைட்டமின் சி ஆகியவை நீரில் கரைபவை என்பதால் சாற்றோடு போய்விடுகின்றன. நார்ச்சத்தின் பெரும்பகுதி துணியில் தங்கிவிடுகிறது. கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டின் நீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். ஆகவே அதிலும் ஒரு பங்கு சக்கையோடு நின்றுவிடுகிறது. நன்றாகப் பிழிந்த பிறகும் கேரட் சக்கை செம்மஞ்சளாகவே இருப்பது அதனால்தான். பீட்ரூட்டின் நிறமியோ நீரில் கரைவது. இரண்டு முறை தண்ணீர் விட்டு அரைத்தால் சக்கை வெளிறத் தொடங்கிவிடும். சமையலில் இதற்கு நேரடிப் பயன் உண்டு. கேரட் சக்கையை எண்ணெயிலோ நெய்யிலோ வதக்குவது உடலுக்கும் நல்லது, நாவுக்கும் நல்லது. எந்தச் சக்கையானாலும், இழந்த சுவையை ஈடுகட்ட வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாக உப்பும் புளிப்பும் வேண்டும்.

அடுத்தது பதம். துருவிய கேரட்டில் கடிக்க ஏதாவது இருக்கும். மிக்ஸிச் சக்கையில் இருக்காது. அதை மட்டும் வைத்துப் பொரியல் செய்தால் மரத்தூளைத் தாளித்ததுபோல் ஆகிவிடுகிறது. பல வாரம் தடுமாறிய பிறகுதான், இயல்பாகவே உதிரி உதிரியாக இருக்கும் பருப்பு உசிலி நினைவுக்கு வந்தது. ஊறவைத்த துவரம்பருப்பையும் கடலைப்பருப்பையும் வற்றல் மிளகாயுடன் கரகரப்பாக அரைத்து, ஆவியில் வேகவைத்து உதிர்த்து, அதே வாணலியில் கேரட் சக்கையையும் போட்டுப் புரட்டினால், எது பருப்பு, எது சக்கை என்று பிரித்துச் சொல்ல முடியாது. பீட்ரூட் சக்கைக்கு என் தேர்வு துவையல்: உளுத்தம்பருப்பு, வற்றல் மிளகாய், பெருங்காயம் ஆகியவற்றை வறுத்து, சக்கையைப் பச்சை வாடை போகும்வரை வதக்கி, புளியும் தேங்காயும் வைத்து அரைக்க வேண்டும். கேரட் சக்கையில் அல்வாவும் ஒருமுறை செய்தேன். காயின் இனிப்பு முழுவதும் சாற்றில் போயிருந்ததால் சர்க்கரையை அள்ளி அள்ளிக் கொட்ட வேண்டியிருந்தது, அதோடு விட்டுவிட்டேன்.

அடைக்கும் போடலாம், ஆனால் அளவு முக்கியம். இரண்டு கிண்ணம் மாவுக்கு ஒரு கைப்பிடிக்கு மேல் போனால் திருப்பும்போது அடை பிய்ந்துவிடுகிறது. நாகர்கோவிலைச் சேர்ந்த பக்கத்து வீட்டு அக்காவிடம் “இன்று சக்கை அடை” என்று சொன்னபோது, அவர் ஆவலோடு வந்து உட்கார்ந்தார். அவர்கள் ஊரில் சக்கை என்றால் பலாப்பழம் என்பது அவருடைய முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

சக்கையை வெளியே வைத்துவிட்டு மற்ற வேலையைப் பார்க்கக் கூடாது. காய் அரைபட்டு எல்லாப் பக்கமும் காற்றுப் படுவதால் மதியத்துக்குள் புளித்த வாடை வந்துவிடும். உடனே மூடிய எவர்சில்வர் டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் மறுநாள் வரை தாங்குகிறது. உறைநிலைப் பெட்டியில் சிறு உருண்டைகளாக வைத்தால் ஒரு வாரத்துக்குக் கவலையில்லை. பாகற்காய்ச் சக்கையை மட்டும் நான் மண்தொட்டி உரத்துக்குக் கொடுத்துவிடுகிறேன். முதலில் அதை ஈரத்தோடு நேரே கறிவேப்பிலைச் செடியின் அடியில் கொட்டி, ஈயையும் பூஞ்சையையும் வளர்த்த அனுபவம் உண்டு. காய்ந்த சருகோ தென்னை நார்த்தூளோ தாராளமாகக் கலந்தால்தான் நாறாமல் மக்குகிறது.

இத்தனையிலும் எனக்கு வியப்பளித்தது வெண்பூசணிதான். அதில் 95 சதவீதத்துக்கு மேல் நீரே என்பதால் டம்ளர் சீக்கிரம் நிறைந்துவிடும். மிஞ்சுவது நிறமோ மணமோ இல்லாத வெள்ளைப் பஞ்சு. இதை என்ன செய்வது என்று கேட்டதற்கு அம்மா சிரித்துவிட்டார். கல்யாணப் பந்தியில் போடும் காசி அல்வாவுக்குப் பூசணியைத் துருவியதும் முதல் வேலை நீரைப் பிழிவதுதான். பூசணி வடகத்துக்கும் அப்படியே. துருவலில் உப்பைப் பிசறி, விட்ட நீரைப் பிழிந்த பிறகே உளுந்து மாவில் கலக்கிறார்கள். நான் மிச்சம் என்று நினைத்துக் கையில் வைத்திருந்தது அந்தப் பலகாரங்களின் முதல் கட்டம். மிக்ஸியில் நைந்துவிட்டதால் அல்வாவுக்கு அந்தத் திரிதிரியான பதம் வரவில்லை என்பது உண்மை. வடகத்துக்கோ அது ஒரு குறையே இல்லை.

ஆகவே இந்தச் சித்திரையில், நான்கு நாள் சேர்த்த பூசணிச் சக்கையை, ஊறவைத்துக் கெட்டியாக அரைத்த உளுந்தோடும் பச்சை மிளகாய், பெருங்காயத்தோடும் பிசைந்து, மொட்டைமாடியில் சேலை விரித்துக் கிள்ளி வைத்தேன். மூன்று வெயிலில் கலகலவென்று காய்ந்தது. எண்ணெயில் பொரித்து அம்மாவின் தட்டில் வைக்கலாமா என்று தயங்கினேன். அவர் இரண்டை எடுத்து ரசம் சோற்றுக்குள் புதைத்து, நன்றாக ஊறும்வரை காத்திருந்து சாப்பிட்டுவிட்டு, இன்னும் இரண்டு கேட்டார்.