குவாரி குத்தகை நகல் கைக்கு வர ஐந்து மாதம்

நான் குரோம்பேட்டையில் இருக்கிறேன். அம்மா ஊரில், உத்திரமேரூர் பக்கம். சென்னைக்கு ஜல்லி அங்கிருந்தும் வருகிறது. வாலாஜாபாத் ரோட்டில் வரிசையாக வரும் டிப்பர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

குவாரியில் வெடி வைக்க வைக்க அடுப்படிச் சுவரில் விரிசல் நீண்டது. ஒவ்வொரு முறையும் அது எதுவரை வந்ததோ அங்கே அம்மா பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதியிருக்கிறார். ஒன்பது கோடுகள்.

தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள் 1959, விதி 36-இன்படி குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரிக்குக் குத்தகை தரக்கூடாது. அதனால் குத்தகை ஆணையும் வரைபடமும் வேண்டும் என்று லீவு போட்டு அரசு அலுவலகத்துக்கு நேரிலேயே போனேன். அம்மாவும் வந்தார். மேசையில் இருந்தவர் மனுவைப் பிரிக்கக்கூட இல்லை. "சர்வே நம்பர் இல்லாம எந்த ஃபைலைத் தேடுறது?" அவ்வளவுதான். அதை எங்கே எடுப்பது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எழுபது வயதுக்காரரை வெயிலில் அலையவிட்டது இன்னும் ஆறவில்லை.

சர்வே எண்ணைக் கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கினேன். அப்புறம் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி. "ஏன் அனுமதி கொடுத்தீர்கள்" என்று கேட்காதீர்கள். விளக்கம் தர வேண்டியதில்லை என்று தள்ளிவிடுவார்கள். "இந்த சர்வே எண்ணுக்கான குத்தகை ஆணையின் நகல், வரைபட நகல்" என்று ஆவணத்தைக் கேளுங்கள்.

முப்பது நாள் கெடு தாண்டி வந்த பதில்: "இவ்வலுவலகத்துக்குத் தொடர்பில்லை." தொடர்பில்லை என்றால் உரிய அலுவலகத்துக்கு ஐந்து நாளுக்குள் அவர்களே அனுப்ப வேண்டும், பிரிவு 6(3). அதையே எழுதி முதல் மேல்முறையீடு போட்டேன், அதற்குக் கட்டணம் இல்லை. தபால் ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வைத்திருந்தது அங்கேதான் உதவியது.

நகல் வந்தது, பக்கத்துக்கு 2 ரூபாய். வரைபடத்தைத் தரையில் விரித்துப் பார்த்தோம். குவாரி இருக்கிறது, ஏரி இருக்கிறது. எங்கள் தெருவே இல்லை! அம்மா விரல் வைத்துத் தேடினார்.

அந்த நகலோடு கொடுத்த மனுவுக்குத்தான் இப்போது அளக்க ஆள் அனுப்புவதாகக் கடிதம் வந்திருக்கிறது. அதுவரை அடுப்படிக்கு வெள்ளையடிக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.